கிலோவுக்கு இரண்டு பவுன்



போன மாதம் ஒரு மாலை, வழக்கம்போல் கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்குச் சற்றுத் தள்ளி நாங்கள் நாலைந்து கிழவர்கள் உட்கார்ந்திருந்தோம். எங்களில் ஒருவர், பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வுபெற்றவர், என் பக்கம் திரும்பி, "மிசே, பேரன் அந்தமானுக்குக் கிளம்புறான். கடலுக்குள்ள முங்குற சாமான் எல்லாம் சொந்தமா வாங்கி வெச்சிருக்கான். பிளேன்ல போட்டா களவு போயிடும்னு எவனோ சொல்லியிருக்கான். உங்க அண்ணன் மகனுக்கு ஏதோ ஆச்சே, என்ன பண்ணணும்னு சொல்லுங்களேன்" என்றார்.

அன்று அவருக்குச் சுருக்கமாக ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது, இதை முழுதாக எழுதிவிட வேண்டும் என்று. இதில் என் பிழை ஒன்றும் இருக்கிறது. அதை இதுவரை எங்கும் எழுதியதில்லை.

முதலில் அந்தச் சாமான்களைப் பற்றி. நம் தலைமுறைக்கு அவை அவ்வளவாகப் பழக்கமில்லை. ஸ்கூபா முங்குபவனிடம் ஒரு முகக்கண்ணாடி, காலுக்குத் தவளைத் துடுப்பு, ரப்பர் உடை, காற்றடைத்தால் மிதக்கும் சட்டை, ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட்டுச் சொல்லும் கைக்கடிகாரம் போன்ற கம்ப்யூட்டர், ஒரு விளக்கு, ஒரு கத்தி ஆகியவை இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக ரெகுலேட்டர். சிலிண்டரையும் ஈயக் கட்டிகளையும் யாரும் தூக்கிக்கொண்டு பறப்பதில்லை. போகும் இடத்தில் வாடகைக்குக் கிடைக்கும். ரெகுலேட்டர் அப்படியல்ல. சிலிண்டரில் 200 மடங்கு அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் காற்றை, மனிதன் மூச்சு இழுக்கும்போது மட்டும், அவன் இருக்கும் ஆழத்துக்கு ஏற்ற அழுத்தத்தில் கொடுக்கும் கருவி அது. பழகிய செருப்பு மாதிரி ஒவ்வொருவனுக்கும் தன்னுடையதுதான் வேண்டும்.

பிரெஞ்சில் இதை 'தெத்தாந்தேர்' என்பார்கள். இன்றைய வடிவத்தில் பிறந்ததும் பிரான்சில்தான். போர்க் காலம். நாடு ஜெர்மானியர் பிடியில். பெட்ரோல் கிடைக்காததால் மோட்டார் வண்டிகளை வாயுவில் ஓட்டினார்கள். அதற்கான ஒரு வால்வைச் செய்துகொண்டிருந்தார் ஏர் லிக்கித் கம்பெனியின் பொறியாளர் எமில் கஞான். கடற்படை அதிகாரியான ழாக் கூஸ்தோ, தன் மாமனார் அந்தக் கம்பெனியில் பெரிய பதவியில் இருந்ததால், கஞானைச் சந்திக்க முடிந்தது. வண்டிக்கான வால்வை மனிதனுக்கு மாற்றினார்கள். மார்ன் ஆற்றில் நடந்த முதல் சோதனை சரிப்படவில்லை. படுத்து நீந்தினால் காற்று ஒழுங்காக வந்தது. நிமிர்ந்து நின்றால் வீணாக வெளியேறியது. தலைகீழானால் மூச்சு முட்டியது. மூச்சு வெளியேறும் துளை, காற்று கொடுக்கும் இடத்திலிருந்து சில அங்குலம் தள்ளி இருந்ததுதான் காரணம். இரண்டையும் அருகருகே வைத்ததும் சரியாகிவிட்டது. அதனால்தான் பழைய ரெகுலேட்டர்களில் வாயிலிருந்து இரண்டு ரப்பர் குழாய்கள் கழுத்தைச் சுற்றிப் பின்னால் போகும். ஒன்றில் காற்று வரும், மற்றதில் மூச்சு போகும்.

1943 ஜூன் மாதம், தென் கரையில் உள்ள பந்தோல் ரயில் நிலையத்துக்குப் போய், பாரிசிலிருந்து வந்த ஒரு மரப்பெட்டியைக் கூஸ்தோ பெற்றுக்கொண்டார். அதற்குள் இருந்ததுதான் சரியாக வேலை செய்த முதல் அக்வாலங். நான் இதைப் படித்தபோது எழுத்தர் புத்தி வேறு பக்கம் போயிற்று. போர் நடக்கிறது, அந்நியப் படை ஊரில் இருக்கிறது, பெட்டியில் உலகத்திலேயே வேறெங்கும் இல்லாத ஒரு கருவி. ரயில்வே பார்சலில் வந்து பத்திரமாகச் சேர்ந்துவிட்டது!

கூஸ்தோவின் 'மௌன உலகம்' படம் 1956இல் கான் விழாவின் உயரிய பரிசைப் பெற்றது. அதைப் பார்த்த பிரெஞ்சு இளைஞர்களில் பாதிப் பேருக்குக் கடலுக்குள் இறங்க வேண்டும் என்ற ஆசை வந்தது. அவர்களில் என் அண்ணனும் ஒருவர்.

அண்ணன் என்னைவிடப் பதின்மூன்று வயது மூத்தவர். 1957இல், நம் ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி மூன்று ஆண்டுகள் ஆன பிறகு, சட்டப்படி நாங்கள் இன்னும் பிரெஞ்சுக் குடிகளாக இருந்த காலத்தில், கப்பலேறிப் போய்க் கடற்படையில் சேர்ந்தார். தூலோன் துறைமுகத்தில் சமையற்கூட வேலை. முங்குபவர் பதவியெல்லாம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சங்கத்தில் சேர்ந்து கற்றுக்கொண்டார். 1963இல் சேமித்த பணத்தில் ஒரு 'மிஸ்த்ரால்' ரெகுலேட்டரைப் பழைய விலைக்கு வாங்கினார். லா ஸ்பிரோடெக்னிக் கம்பெனி 1955 முதல் விற்ற இரட்டைக் குழாய் மாடல் அது. வட்டமான உலோகப் பெட்டி, இருபுறமும் யானைத் துதிக்கை மாதிரி இரண்டு குழாய்கள்.

1976இல் விடுப்பில் வந்தபோது அதைக் கொண்டுவந்தார். பம்பாய் வரை விமானம், பிறகு சென்னைக்கு ரயில், அங்கிருந்து பஸ். இங்கே அப்போது சிலிண்டரும் இல்லை, அதில் காற்றடைக்க மிஷினும் இல்லை. எங்களுக்குக் காட்டவேண்டும் என்பதற்காக மட்டுமே கொண்டுவந்தார். பஸ்சிலிருந்து இறங்கியபோது பெட்டிகள் கூலிக்காரன் தலையில் இருந்தன. ஒரு துணிப்பை மட்டும் அண்ணன் மடியிலிருந்து தோளுக்கு மாறியது. அம்மா, "அதுல என்னடா, தங்கமா?" என்று கேட்டார். அண்ணன் சிரித்துக்கொண்டே ரெகுலேட்டரை எடுத்து அம்மா கையில் கொடுத்தார். அம்மா இரண்டு குழாய்களையும் பார்த்துவிட்டு, "இதைக் கட்டிக்கிட்டா தண்ணிக்குள்ள போற? வேணாம்ப்பா" என்றார். ஒரு நாள் நம் ஊர்க் கடலில் இதைப் போட்டுக்கொண்டு இறங்குவேன் என்று அண்ணன் சொன்னார். இறங்கவில்லை. 2015இல் தூலோனிலேயே காலமானார்.

இனி வரலாற்றுக்கு வருகிறேன். பயணிகளின் பெட்டி தொலைவது புதிதல்ல. மெஸாழ்ரி மாரிதீம் கப்பல்கள் வந்துபோன காலத்தில், சைகோனிலிருந்து திரும்பியவர்களின் தகரப் பெட்டிகளில் பெயரும் ஊரும் வெள்ளை பெயிண்டில் பெரிதாக எழுதியிருக்கும். எங்கள் பெரிய தாத்தாவின் பெட்டி இன்னும் வீட்டில் இருக்கிறது. எழுத்து ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரம். அந்தக் காலத்தில் அதுதான் பாதுகாப்பு. ரயில்வேக்காரர்கள் பித்தளை வில்லை கொடுத்தார்கள். 1882இல் கனடாவில் ஜான் லயன்ஸ் என்பவர் பிரித்தெடுக்கும் சீட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். ஒரு பாதி பெட்டியில், மறு பாதி பயணியிடம். இன்று விமான நிலையத்தில் நம் போர்டிங் பாஸில் ஒட்டித் தரும் சின்னச் சீட்டு அதன் பேரப்பிள்ளைதான். அதில் உள்ள பத்து இலக்க எண்ணில், முதல் இலக்கத்தை அடுத்த மூன்றும் விமானக் கம்பெனியின் குறி. கடைசி ஆறும் உங்கள் பெட்டியின் எண். அந்தச் சீட்டை நம்மில் பலர் கசக்கிக் குப்பையில் போடுகிறோம். கருவூலத்தில் சலான் அடிச்சீட்டைத் தொலைத்தவன் பட்ட பாட்டைப் பார்த்த நான் அப்படிச் செய்வதில்லை.

விமானம் வந்ததும் ஒரு கேள்வி எழுந்தது. பாரிசில் ஏறியவன் பெட்டி வார்சாவில் தொலைந்தால் எந்த நாட்டுச் சட்டம்? பிரெஞ்சு அரசு 1925இல் பாரிசில் ஒரு மாநாடு கூட்டியது. நான்கு ஆண்டுகள் வல்லுநர்கள் உட்கார்ந்து எழுதினார்கள். 1929 அக்டோபர் 12 அன்று வார்சாவில் கையெழுத்தானது அந்த உடன்படிக்கை. அது பிரெஞ்சு மொழியில் மட்டுமே எழுதப்பட்டது. ஒரே ஒரு மூலப் பிரதி, போலந்து வெளியுறவு அமைச்சகத்தின் ஆவணக் காப்பகத்தில். ஆங்கிலம் உட்பட மற்றவை எல்லாம் மொழிபெயர்ப்புதான். பள்ளியில் பிரெஞ்சில் கணக்கும் பூகோளமும் படித்துவிட்டு, அரசு வேலையில் ஆங்கிலக் கோப்புகளோடு ஆயுளைக் கழித்த எனக்கு, என் பிரெஞ்சு பயன்பட்ட இடங்கள் குறைவு. இந்த உடன்படிக்கையை மூலத்தில் படித்தது அவற்றில் ஒன்று.

அதில் ஒரு சொல்லைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கம்பெனி தன் 'தொல்' காரணமாக நஷ்டம் விளைவித்தால் வரம்புச் சலுகை கிடையாது என்கிறது 25ஆவது விதி. பிரெஞ்சுச் சட்டத்தில் 'தொல்' என்றால் கேடு நினைத்தே செய்வது. ஆங்கிலத்தில் அதை வேண்டுமென்றே செய்த தவறான நடத்தை என்று எழுதிவிட்டார்கள். இரண்டும் ஒன்றல்ல. நீதிமன்றங்கள் பல ஆண்டுகள் இதில் மல்லுக்கட்டின. 1955இல் ஹேக் நகரில் திருத்தும்போது அந்தச் சொல்லையே எடுத்துவிட்டு, விளக்கமாக எழுதினார்கள்.

எழுத்தர்களுக்குப் பிடித்த விதி ஒன்றும் உண்டு. பெட்டிச் சீட்டு இரண்டு பிரதிகளாக இருக்க வேண்டும், ஒன்று பயணிக்கு, ஒன்று கம்பெனிக்கு. சீட்டே கொடுக்காமல் பெட்டியை வாங்கிக்கொண்டால், கம்பெனி நஷ்டஈட்டு வரம்பைக் காட்டித் தப்ப முடியாது. காகிதம் இல்லையேல் பாதுகாப்பு இல்லை என்பது கம்பெனிக்கும் பொருந்தியது.

வரம்பு எவ்வளவு? ஒப்படைத்த பெட்டிக்குக் கிலோவுக்கு 250 பிராங்க். வெறும் பிராங்க் அல்ல. 1928இல் பிரதமர் புவன்காரே நிலைப்படுத்திய பொன் பிராங்க். 1000க்கு 900 பங்கு தூய்மையுள்ள தங்கத்தில் 65.5 மில்லிகிராம் என்று உடன்படிக்கையிலேயே எழுதிவிட்டார்கள். நான் பென்சிலால் பெருக்கிப் பார்த்தேன். 250 பிராங்க் என்றால் 16.375 கிராம். நம் கணக்கில் இரண்டு பவுனுக்குச் சற்று அதிகம். தூய்மையும் நம் நகைத் தங்கத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். ஆக, 20 கிலோ பெட்டி தொலைந்தால் உச்சவரம்பு 40 பவுன்! அதற்குமேல் கிடையாது என்பதுதான் பொருள். நஷ்டத்தை நிரூபித்தால்தான் அதுவரை கிடைக்கும். ஆனாலும் 40 பவுன் இன்று என்ன விலை என்று உங்கள் வீட்டம்மாவைக் கேட்டுப் பாருங்கள்.

பிறகு அந்தத் தங்கம் எங்கே போயிற்று? காகிதத்தில்தான் போயிற்று. அமெரிக்கா தங்கத்துக்கு ஒரு அரசு விலை வைத்திருந்தது. கடைசியாக ஒரு அவுன்சுக்கு 42.22 டாலர். அந்தக் கணக்கில் 250 பொன் பிராங்க் 20 டாலர் ஆயிற்று. 1970களில் சந்தையில் தங்க விலை வானத்துக்குப் போனது, அரசு விலையே ஒழிக்கப்பட்டது, 20 டாலர் மட்டும் அசையவில்லை. 1979இல் பிலடெல்பியாவிலிருந்து லண்டனுக்குப் போன 714 பவுண்டு எடையுள்ள நாணயப் பார்சல்கள் தொலைந்தன. உரியவர்கள் கேட்டது 2,50,000 டாலர். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984இல் பழைய கணக்கே செல்லும் என்றது. கிடைத்தது 6,500 டாலருக்கும் குறைவு.

தங்கத்துக்குப் பதிலாக, பன்னாட்டு நிதியத்தின் எஸ்.டி.ஆர். என்னும் கணக்கு அலகு வந்தது. சில பெரிய நாணயங்களின் கலவை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1975இல் கிலோவுக்கு 17 எஸ்.டி.ஆர். என்றார்கள். 1999இல் மான்ட்ரியலில் புதிய உடன்படிக்கை. இந்தியா 2009இல் சேர்ந்தது. இப்போது எடைக் கணக்கு இல்லை, ஆளுக்கு இவ்வளவு என்று ஒரே வரம்பு. முதலில் 1,000. 2009 இறுதியில் 1,131. 2019 இறுதியில் 1,288. 2024 டிசம்பர் 28 முதல் 1,519. அன்றைய மதிப்பில், நம் பணத்தில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய். 40 பவுன் எங்கே, இது எங்கே! இதுகூட நாடு விட்டு நாடு போகும் பயணத்துக்குத்தான். உள்நாட்டுப் பயணத்துக்கு வேறு வரம்பு, இதைவிட மிகச் சிறியது. அந்தமான் போகிறவர்கள் இதை நினைவில் வைக்கவும்.

பெட்டியைப் பூட்டிவிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். 1985 ஜூன் 23ஐ நம் வயதினர் மறந்திருக்க மாட்டோம். கனிஷ்கா விமானம் அட்லாண்டிக் கடலுக்கு மேல் வெடித்து 329 பேர் மாண்டார்கள். வான்கூவரில் ஏற்றிய ஒரு பெட்டியின் சொந்தக்காரன் விமானத்தில் ஏறவே இல்லை. 1988இல் லாக்கர்பி. அதன் பிறகுதான் ஆள் இல்லாத பெட்டி போகக்கூடாது என்பது உலகமெங்கும் கண்டிப்பானது. 2001க்குப் பிறகு ஒவ்வொரு பெட்டியையும் ஊடுகதிரில் பார்க்கிறார்கள், சந்தேகம் வந்தால் திறக்கிறார்கள். அதற்காகவே பொதுச் சாவி போட்டுத் திறக்கக்கூடிய பூட்டுகளை 2003இல் அமெரிக்காவில் கொண்டுவந்தார்கள். 2014இல் ஒரு செய்தித்தாள் அந்தப் பொதுச் சாவிகளின் படத்தைத் தெரியாமல் அச்சிட்டது. அடுத்த ஆண்டே படத்தைப் பார்த்து யாரோ சாவி செய்துவிட்டார்கள். பூட்டு, பெட்டி தானாகத் திறந்துகொள்ளாமல் இருக்க உதவும். அவ்வளவே. இதில் யாரையும் குறை சொல்லவில்லை. உயிரா சாமானா என்றால் உயிர்தான். ஆனால் நம் பெட்டி இடையில் பல கைகளுக்குப் போகிறது என்பதை அறிந்துகொண்டு அனுப்ப வேண்டும்.

முங்கும் சாமான்களில் இந்தச் சிக்கல் அதிகம். குழாயும் உலோகமும் பேட்டரியும் சேர்ந்து ஊடுகதிர்த் திரையில் வினோதமாகத் தெரியும். திறந்து பார்ப்பார்கள். திறப்பவர் அதே மாதிரி திரும்ப மடித்து வைப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

இப்போது என் பிழைக்கு வருகிறேன்.

2017 ஜனவரியில் அண்ணன் மகன் பாரிசிலிருந்து புறப்பட்டான். அவனும் முங்குபவன். நம் ஊரிலேயே இப்போது முங்கக் கற்றுத்தருகிறார்கள், சிலிண்டர் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு, அப்பாவின் மிஸ்த்ராலைச் சுத்தம் செய்து, புதுக் குழாய் மாட்டித் தயார் செய்திருந்தான். அப்பா இறங்க நினைத்த கடலில் அதோடு இறங்க வேண்டும் என்று ஆசை. புறப்படும் முன்தினம் போன் செய்தான்.

"சித்தப்பா, அப்பாவோட தெத்தாந்தேரைக் கையில எடுத்துட்டு வரட்டுமா, பெட்டியில போடட்டுமா?"

நான் யோசிக்காமல், "கையில வெச்சா செக்யூரிட்டியில நிறுத்தி வெச்சிக் கேள்வி கேப்பாங்க. இடையில பிளேன் மாறணும் வேற. பெட்டியில துணிக்கு நடுவுல வெச்சிடு" என்றேன். 1976இல் அந்தத் துணிப்பை அண்ணன் மடியில் இருந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். அந்த நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை.

சென்னையில் பெட்டி வரவில்லை. பட்டை சுற்றி நிற்கும்வரை காத்திருந்தோம். ஒரு விஷயம் மட்டும் சரியாகச் செய்தோம். வெளியே வரும் முன்பே அங்கேயே புகார்ப் படிவம் எழுதி, எண் வாங்கிக்கொண்டோம். ஆறாம் நாள் பெட்டி வீட்டுக்கு வந்தது. பெட்டியின் மேல் முங்குபவன் படம் போட்ட கம்பெனி முத்திரை இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று ஊருக்கே விளம்பரம். திறந்தால் துடுப்பும் ரப்பர் உடையும் இருந்தன. கம்ப்யூட்டர், விளக்கு, அவனுடைய புது ரெகுலேட்டர், மிஸ்த்ரால் நான்கும் இல்லை.

அண்ணன் மகன், "பெட்டியாவது வந்துச்சே" என்றான். நான் உட்கார்ந்து அன்றே எழுதினேன். பெட்டி கைக்கு வந்த பிறகு, உள்ளே சேதமோ குறைவோ இருந்தால் ஏழு நாளுக்குள் எழுத்தில் புகார் போக வேண்டும். பெட்டி தாமதமானதற்கான கோரிக்கைக்கு 21 நாள். பெட்டியே வராமல் 21 நாள் ஆகிவிட்டால் அது தொலைந்ததாகக் கருதப்படும். வழக்குப் போட இரண்டு ஆண்டு. மான்ட்ரியல் உடன்படிக்கையின் ஆறு மூல மொழிகளில் பிரெஞ்சும் ஒன்று என்பதால், விதி எண்ணோடு பிரெஞ்சிலேயே எழுதினேன். அனுப்புகைப் பதிவேடு மாதிரி ஒரு நோட்டுப் போட்டு, தேதி, நினைவூட்டு ஒன்று, நினைவூட்டு இரண்டு என்று நடத்தினேன். ஓய்வுபெற்ற பிறகு அவ்வளவு உற்சாகமாக வேலை செய்ததில்லை என்று சொல்ல வேண்டும். குற்ற உணர்ச்சியும் ஒரு வகை உற்சாகம்தான்.

நான்காம் மாதம் பதில் வந்தது. கடை ரசீது இருந்த பொருள்களுக்குத் தேய்மானம் கழித்துப் பணம் கொடுத்தார்கள். ஏறக்குறைய முக்கால்வாசி கிடைத்தது. மிஸ்த்ராலுக்கு ரசீது இல்லை. 1963இல் பழைய விலைக்கு வாங்கியதற்கு எங்கே ரசீது? 'பயன்படுத்திய பழைய பொருள்' என்று 40 யூரோ போட்டிருந்தார்கள். நான் மூன்று பக்கம் மறுப்பு எழுதினேன். அதே பதில் மீண்டும் வந்தது. அவர்கள் சட்டத்தை மீறவில்லை. நிரூபித்த நஷ்டத்துக்குத்தான் ஈடு. நான்கூட அலுவலகத்தில் அப்படித்தான் குறிப்பு எழுதியிருப்பேன்.

"விட்டுடுங்க சித்தப்பா" என்றான் அண்ணன் மகன் போனில். "நான்தாம்பா பெட்டியில போடச் சொன்னேன்" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நானும்தான் கேட்டுக்கிட்டேன்" என்றான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. வாடகை ரெகுலேட்டரோடு நம் கடலில் இறங்கியிருந்தான், அந்த ஜனவரியிலேயே.

ஆகவே, நண்பரின் பேரனுக்கும் அவனைப் போன்றவர்களுக்கும் நான் சொல்வது இதுதான்.

ரெகுலேட்டர், கம்ப்யூட்டர், முகக்கண்ணாடி மூன்றும் கையில். மூன்றும் சேர்ந்து நான்கு கிலோவுக்குள் அடங்கும். கேட்டால் இன்னது என்று சொல்லலாம், அதில் வெட்கம் இல்லை. விளக்கின் உதிரி லித்தியம் பேட்டரிகளும் கைப்பையில்தான் வர வேண்டும், அது விதி. கத்தி மட்டும் ஒப்படைக்கும் பெட்டியில்.

பெட்டி பார்க்கச் சாதாரணமாக இருக்கட்டும். பழைய சூட்கேஸ் உத்தமம். வெளியே பெயரும் போன் எண்ணும் போதும். உள்ளேயும் ஒரு காகிதத்தில் பெயர், முகவரி வைக்கவும். வெளிச்சீட்டு கிழிந்துவிட்டால் அதுதான் பேசும்.

மூடும் முன் எல்லாவற்றையும் பரப்பி ஒரு படம். கருவிகளின் வரிசை எண்களைத் தனியாகக் குறிக்கவும். ரசீதுகளைப் படமெடுத்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளவும். பழைய பொருளாக இருந்தால், அதன் மதிப்பை யாராவது கடைக்காரரிடம் எழுதி வாங்கிவைக்கவும். இதை நாங்கள் செய்யவில்லை.

பெட்டி வரம்பைவிட மதிப்புள்ளதாக இருந்தால், ஒப்படைக்கும்போதே மதிப்பை அறிவித்துக் கூடுதல் கட்டணம் செலுத்த உடன்படிக்கையில் வழி இருக்கிறது. கவுண்டரில் இருப்பவருக்கே சில நேரம் தெரியாது, மேலாளரைக் கேட்கவும். முங்குபவர்களுக்கான காப்பீட்டில் சாமான்களையும் சேர்க்கிறார்களா என்று பார்க்கவும்.

பெட்டிக்குள் போடும் வில்லை மாதிரியான கண்காணிப்புக் கருவி இப்போது வந்திருக்கிறது, போடலாம். எங்கே இருக்கிறது என்று தெரியும். யார் திறந்தார் என்று தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையன் புறப்பட்டான். வழியனுப்ப நானும் போயிருந்தேன். சூட்கேசைக் காரின் பின்னால் வைத்தார்கள். ரெகுலேட்டரை அவன் பாட்டி ஒரு மஞ்சள் பையில் போட்டு, மேலே ஒரு துண்டைச் சுற்றிக் கொடுத்திருந்தார். பையன் அதைப் பின்சீட்டில் தூக்கிப் போடப் போனான்.

"தம்பி, அதை மடியில வெச்சிக்கோ" என்றேன்.

சென்னை வரைக்குமா என்று கேட்டான். அந்தமான் வரைக்கும் என்றேன்.